இந்த மழைதான் எங்கள் இயல்பு வாழ்க்கை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், 'தொடர் மழையால் இயல்பு வாழ்க்கை பாதிப்பு' என்ற தலைப்பு ஆண்டுதோறும் செய்திகளில் வந்துவிடுகிறது. அம்பத்தூரில் பத்தொன்பது ஆண்டுகள் வாடகை வீட்டில் வாழ்ந்த காலத்தில் நானும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தேன். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது வேறு எப்படியும் எண்ணத் தோன்றாது. ஆனால் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில் உள்ள என் சொந்த ஊருக்குத் திரும்பி வந்து சில ஐப்பசிகளையும் கார்த்திகைகளையும் கண்ட பிறகு, அந்தத் தலைப்பைப் படிக்கும்போதெல்லாம் மனம் ஒப்பவில்லை. எங்கள் பக்கத்தில் இந்த இரண்டு மாத மழைதான் இயல்பு வாழ்க்கை. ஆண்டின் மற்ற மாதங்களில் நாங்கள் உண்பதும், மாட்டுக்குப் போடுவதும், பிள்ளைகளின் படிப்புக்குக் கட்டுவதும் இதிலிருந்துதான் வருகின்றன. இதைச் சொல்லவும், இந்தப் பருவத்தில் என் குடும்பத்துக்கு நான் பட்டிருக்கும் கடனைப் பலர் அறியப் பதிவு செய்யவும் தங்கள் நாளிதழில் சிறிது இடம் கேட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஊருக்கு வந்த புதிதில், அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் தன் பாடநூலில் இலையுதிர்காலத்துப் படத்தைக் காட்டி, சிவந்த இலைகள் நம் ஊரில் எப்போது விழும் என்று கேட்டாள். ஜவ்வாது மலைச்சரிவில் உள்ள மரங்கள் மாசி, பங்குனியில்தான் இலையை உதிர்த்து நிற்கும் என்றும், மேல்நாட்டார் இலை உதிர்வதைப் பார்க்கும் அக்டோபர், நவம்பரில் நம் ஊரில் எல்லாம் தளிர்க்கும் என்றும் என் அண்ணன்தான் அவளுக்கு விளக்கினார். பழந்தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று அழைத்தனர். வேலிகளில் செங்காந்தள் பூத்திருக்கும். முதல் மழைக்கு மறுநாள் மாலை ஈசல் கிளம்பும். அதைப் பிடித்து வறுத்துப் பொரியோடு கலந்து தின்னும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. வரப்பு ஓரங்களில் நண்டு வளை தோண்டியிருக்கும். அந்த நண்டைச் சாறு வைத்துக் குடித்தால் மழைக்காலச் சளி நெஞ்சில் தங்காது என்று எங்கள் ஆயா சொல்லுவார்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் நான் வேலை பார்த்த சிறு தொழிற்கூடம் மூடப்பட்டது. இரண்டு மாதம் சேமிப்பில் ஓட்டினோம். மூன்றாவது மாதம் வாடகை கொடுக்க வழியின்றி, இ-பாஸ் பெற்று, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, பாத்திர மூட்டைகளோடு ஒரு வாடகை வண்டியில் ஊர் வந்து சேர்ந்தேன். தந்தை இறந்த பிறகு அண்ணனே நிலத்தைப் பார்த்து வந்தார். பொங்கலுக்கு இரண்டு நாள் வந்து போவதைத் தவிர அந்தக் குடும்பத்துக்கு நான் பெரிதாக எதுவும் செய்திருக்கவில்லை. எனவே எந்த முகத்தோடு வாசற்படி ஏறுவது என்ற கூச்சம் வழி முழுவதும் இருந்தது. அண்ணி வெளியே வந்தார், மூட்டைகளைப் பார்த்தார், "கை கால் கழுவிக்கினு வா தம்பி, களி ஆறிப் போவுது" என்றார். எத்தனை நாள் இருப்பீர்கள் என்று அன்றும் கேட்கவில்லை, இன்று வரையும் கேட்கவில்லை. அடுத்த வாரமே கிழக்குப் பக்கத்து அறையிலிருந்த நெல் மூட்டைகளைக் கூடத்துக்கு மாற்றிவிட்டு, அந்த அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்.

அந்த ஆடியில் அண்ணனோடு சேர்ந்து இரண்டு ஏக்கர் கொல்லையில் மல்லாட்டை விதைத்தேன். வேர்க்கடலையை வட ஆற்காட்டில் மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை என்ற பெயர் வழக்கில் அப்படித் திரிந்துவிட்டது. மானாவாரி நிலத்தில் விதைத்து நூறு, நூற்றைந்து நாள் கழிந்தால் சரியாக ஐப்பசியில் அறுவடைக்கு வந்து நிற்கும். இந்தப் பயிர் மழையோடு கொண்டிருக்கும் உறவு மிக நுட்பமானது. மண் காய்ந்திருந்தால் செடியைப் பிடுங்கும்போது காம்பு அறுந்து காயெல்லாம் மண்ணிலேயே தங்கிவிடும். ஓரிரண்டு மழை பெய்து மண் இளகினால் கொத்தாக மேலே வரும். அதே மழை ஒரு வாரம் விடாமல் பெய்தாலோ முற்றிய காய் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிடும். இடைப்பட்ட அந்த நான்கைந்து நாட்களை அண்ணன் எப்படிக் கணிக்கிறார் என்பதை அருகிலிருந்து பார்த்தேன். காலையில் கொல்லையின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு செடியைப் பிடுங்குவார். காயை உடைத்துத் தோட்டின் உட்புறத்தைப் பார்ப்பார். அது வெண்மையாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிடுவார். ஐப்பசி இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் உட்புறம் கருத்திருந்தது. அன்று மாலையே அண்ணி நான்கு வீடுகளுக்கு நடந்து போய், மறுநாள் காய் ஆய வரச் சொல்லிவிட்டு வந்தார்.

பிடுங்கிய செடிகளைப் புளியமரத்தடியில் குவித்துச் சுற்றிலும் பெண்கள் அமர்ந்து காய் ஆய்வார்கள். பொழுது சாயும் நேரத்தில் அவரவர் ஆய்ந்த காயை அளந்து, அதில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுப்பது வழக்கம். அளக்கும்போது தலை தட்டுவோர் உண்டு. அண்ணி தலை தட்டியதை நான் பார்த்ததில்லை. மரக்கால் மேல் காய் கோபுரமாக நின்று தானாகச் சரியும்வரை அள்ளிப் போடுவார், சரிந்ததையும் அவர்கள் முந்தானையிலேயே சேர்ப்பார். அறுவடை முடிந்த பின் மண்ணில் விடுபட்ட காயைப் பொறுக்க ஊரிலிருந்து வயதான பெண்கள் சிலர் வருவார்கள். மழை கூடுமுன் ஏர் ஓட்டிவிட வேண்டும் என்று அண்ணன் அவசரப்பட்டபோது, அந்தப் பெண்களில் ஒருவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார், அவர் வந்து பொறுக்கிய பிறகு டிராக்டரைக் கூப்பிடலாம் என்று அண்ணி நிறுத்திவைத்தார். மூன்று நாள் காத்திருந்தோம். இடையில் ஒரு மழையும் பெய்தது. அந்த அம்மா வந்து ஒரு சிறு பை நிறையப் பொறுக்கிக்கொண்டு போனார். நிலத்திடமிருந்து பெற்றுக்கொள்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை நான் நாற்பத்தைந்து வயதில் அந்த மூன்று நாட்களில்தான் கற்றேன் என்பதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

எங்கள் வீடுகளில் நன்றி என்ற சொல்லை ஒருவருக்கொருவர் வாயால் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் புரட்டாசி தொடங்கிக் கார்த்திகை முடியும்வரை நாங்கள் செய்வதெல்லாம் நன்றி செலுத்துவதே. மகாளய அமாவாசையன்று மறைந்த முன்னோர்க்குப் படையல். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நெற்றியில் நாமமிட்டுச் சொம்போடு "கோவிந்தா" என்று தெருவில் வரும் பிள்ளைகளுக்கு அரிசி. ஆயுத பூசையன்று மண்வெட்டிக்கும் கதிர் அரிவாளுக்கும் பொட்டு.

தீபாவளியைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். வட ஆற்காட்டில் பல குடும்பங்களுக்குத் தீபாவளி என்றால் வெடியைவிட நோன்புதான் முதன்மை. கேதார கௌரி நோன்புக்கு இருபத்தோரு அதிரசம், இருபத்தோரு வெற்றிலை, இருபத்தோரு பாக்கு என்று எண்ணி வைத்து, இருபத்தோரு இழைக் கயிற்றைப் பூசையில் வைத்து எடுத்துக் கையில் கட்டிக்கொள்வோம். அதிரசத்துக்கான பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுவதும் போகுமுன் இடித்துச் சலிக்க வேண்டும். அதன் பிறகு வெல்லப்பாகு. அண்ணி அடுப்பின் முன் அமர்ந்து, ஒரு கிண்ணம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டுப் பாகை அதில் விடுவார். கரைந்தால் மீண்டும் கிளறுவார். விரலால் திரட்டியதும் அது மெத்தென்று உருண்டு வந்தால், அந்தக் கணமே பாத்திரத்தை இறக்க வேண்டும். சற்றுப் பிந்தினால் அதிரசம் கல்லாகிவிடும், முந்தினால் எண்ணெயில் பிரிந்துவிடும். என் மனைவி சென்னையில் பிறந்து வளர்ந்தவர். முதல் ஆண்டு அவர் பதம் தவறவிட்டு மாவு முழுவதும் வீணாயிற்று. நோன்புக்கு இடையில் ஒரே நாள்தான் இருந்தது. அண்ணி ஒரு சொல்லும் சொல்லாமல் மறுபடி அரிசியை ஊறப்போட்டார், அடுத்த பாகுக்கு என் மனைவியையே கரண்டி பிடிக்க வைத்து, அருகில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். இப்போது பாகு பார்ப்பது என் மனைவியின் வேலை.

அண்ணனின் மூத்த மகன் ராணுவத்தில் இருக்கிறான். எங்கள் மாவட்டத்தில் படைக்குப் பிள்ளைகளை அனுப்புவது புதிய செய்தியன்று. கண்ணமங்கலம் அருகே உள்ள கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே மக்கள் அழைப்பார்கள். பல ஆண்டுகளில் அவனுக்குத் தீபாவளி விடுப்புக் கிடைப்பதில்லை. நோன்பு முடிந்ததும் அண்ணி அவனுக்குரிய கயிற்றை ஒரு வெற்றிலையில் வைத்துக் காயவைத்து, மறுநாள் உறையில் இட்டு அஞ்சலில் அனுப்புவார். அதிரசத்தையும் அனுப்பலாமே என்று ஒருமுறை நான் கேட்டேன். அது அவன் வந்த பிறகு சுட்டுக் கொடுத்தால்தான் தின்ற மாதிரி இருக்கும் என்றார். பிடித்த மாவில் ஓர் உருண்டையை மூடிய சம்படத்தில் வைத்திருப்பார். பக்குவமாகப் பிடித்த மாவு நாள்பட்டாலும் கெடாது.

மழை நன்மையை மட்டுமே தருகிறது என்று நான் எழுத வரவில்லை. 2021 நவம்பர் 19, திருக்கார்த்திகை நாள். அன்று விடியற்காலை பேரணாம்பட்டில் மழையால் வீடு இடிந்து, குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் உயிரிழந்தனர். அந்தச் செய்தி வந்த பிறகு எங்கள் தெருவில் யாரும் உரக்கப் பேசவில்லை. மாலையில் வாசலுக்கு ஒரே ஒரு விளக்கு மட்டும் வைத்தோம். அதே நாட்களில் பாலாறு இருகரையும் தொட்டு ஓடியது. பாலாற்றை மணலாகவும் முள்புதராகவும் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஆற்றில் தண்ணீரைக் கண்டது அப்போதுதான். எங்கள் பகுதியில் உத்திரகாவேரியும் பெருகி வந்தது. எங்கள் கழனியில் பாதி நெல் சாய்ந்து அழுகிற்று. இழப்புகளைச் செய்தியாக்குவதும் நிவாரணம் கேட்பதும் நாளிதழின் கடமை என்பதை நான் உணர்ந்தே இருக்கிறேன். அந்தக் குடும்பங்களின் துயரம் சிறிதும் குறைத்துச் சொல்லத்தக்கது அன்று.

ஆயினும் அந்த ஆண்டு எங்கள் ஏரி கோடி போனதையும், அதாவது நிரம்பி மிகுநீர் கரையின் கோடியில் உள்ள வழிவாயில் வழிந்ததையும், நான் மறக்க இயலாது. பல ஆண்டுகளுக்குப் பின் கோடி வழிந்தது என்று ஊரில் சொன்னார்கள். செய்தி கேட்டதும் பெண்கள் தாம்பாளத்தில் மஞ்சளும் பூவும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார்கள். ஏரிக்கரைக் கெங்கையம்மனுக்குக் கிடா வெட்டிப் பொங்கல் வைத்தார்கள். என் அண்ணன் கோடியில் வழிந்த தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். அவர் அழுததை நான் பார்த்தது தந்தையின் மறைவுக்குப் பின் அன்றுதான். அந்தத் தண்ணீரால் அடுத்துவந்த நவரைப் பட்டத்தில் ஊர் முழுவதும் நெல் நட்டது. அழுகிப் போன பயிரின் கடனை அந்த அறுவடையில் அடைத்தோம். கிணறுகளிலும் கைக்கு எட்டும் உயரத்தில் தண்ணீர் நின்றது.

ஏரி வானத்தால் மட்டும் நிரம்புவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புரட்டாசியில் வரத்துக்கால்வாயைத் தூர் எடுத்தவர்களில் பெரும்பாலோர் நூறு நாள் வேலைக்கு வரும் பெண்கள். பக்கத்தில் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் நாகநதியில், கணியம்பாடிப் பகுதிப் பெண்கள் இதே வேலைத் திட்டத்தில் உறைகிணறுகளும் சிறு தடுப்பணைகளும் அமைத்து, வறண்டு கிடந்த ஆற்றை மீட்க உழைத்தது நாடு அறிந்த செய்தி; 2021இல் பிரதமரின் வானொலி உரையிலும் அது இடம்பெற்றது. எங்கள் கால்வாய்க்கு அத்தகைய புகழ் கிடைக்கவில்லை. சேற்றில் நின்று கருவேல முள்ளை வெட்டிய அந்தப் பெண்களுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு கூடை அவித்த மல்லாட்டையும் மோரும் போயின. அதைத் தூக்கிக்கொண்டு போனது என் மகளும் மகனும் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. கரையில் இளைஞர்கள் ஊன்றிய பனை விதைகளில் சில இப்போது ஓலை விட்டிருக்கின்றன.

1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆனால் கார்த்திகை தீபத்தன்று மாலை எங்கள் பக்கத்து மக்கள் அத்தனை பேரும் இன்னும் ஒரே மலையை நோக்கித்தான் நிற்கிறோம். 2,668 அடி உயரத்தில் அண்ணாமலை உச்சியில் தீபம் ஏறியதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகே அண்ணி முதல் அகலை ஏற்றுவார். அடுத்து வருவது பிள்ளைகள் ஆண்டு முழுவதும் காத்திருக்கும் மாவளி. ஆண்பனையின் காய்ந்த பாளைகளைக் குழியில் இட்டு எரித்து, தழல் அடங்குமுன் மண்ணால் மூடிக் கரியாக்கி, அந்தக் கரியைப் பொடித்து, பழைய பருத்தித் துணியில் நீளமாக அடைத்துத் தைக்க வேண்டும். பச்சைப் பனைமட்டையை மூன்றாகப் பிளந்து, நடுவில் அந்தத் துணிச்சுருளை இறுக வைத்துக் கட்டி, நீண்ட கயிற்றில் பிணைத்து, நுனியில் கங்கு வைத்துத் தலைக்கு மேல் சுழற்றினால் பொறி பூவாகச் சொரியும். "மாவளியோ மாவளி" என்று தெரு முழுவதும் குரல் கேட்கும். என் தந்தை எனக்குச் செய்து கொடுத்ததைப் போலவே அண்ணன் என் மகனுக்குச் செய்து கொடுத்தார். மகன் சுழற்றும்போது கயிறு எவ்வளவு நீளம் விட வேண்டும், எந்தக் காலை முன்வைக்க வேண்டும் என்று அவர் சொன்ன சொற்கள் அப்படியே எங்கள் தந்தை சொன்னவை. நான் திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்பார்கள். இந்தக் கொடைக்காலத்தைப் பற்றி எழுதும்போது, பாதிப்புச் செய்திகளோடு எந்தெந்த ஏரி எந்த நாளில் நிரம்பியது, எந்த ஊரில் மல்லாட்டை ஆய்கிறார்கள், இலவம்பாடி முள்ளுக்கத்தரி எப்போது சந்தைக்கு வருகிறது, விடுப்பில் எத்தனை பிள்ளைகள் காட்பாடி நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள் என்பவற்றுக்கும் மாவட்டப் பக்கத்தில் இடம் தர வேண்டும் என்று தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நாளில் அந்தக் கத்தரிக்காயைப் பற்றித் தாங்கள் வெளியிட்டது போன்ற செய்திகளை எங்கள் ஊரில் ஒருவர் படிக்கப் பலர் கூடிக் கேட்கிறார்கள்.

இன்னொரு காரணமும் இக்கடிதத்துக்கு உண்டு. காலையில் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வரும் வழியில், அங்கே போட்டிருக்கும் தங்கள் நாளிதழை நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கும் பழக்கம் என் அண்ணிக்கு இருக்கிறது. நேரில் சொன்னால், போடா வேலையைப் பார் என்று எழுந்து போய்விடுவார். எனவே இங்கே எழுதுகிறேன்: அண்ணி, அன்று வாசலில் நீங்கள் எதையும் கேட்காமல் இருந்ததற்கும், கிழக்கு அறைக்கும், அந்தக் களிக்கும் நான், என் மனைவி, பிள்ளைகள் அனைவரும் உங்களுக்கு நன்றியுடையவர்களாக இருக்கிறோம். அண்ணனுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

இன்று காலை நிலவரப்படி எங்கள் ஏரியில் மதகின் நான்காம் படி வரை தண்ணீர் ஏறியிருக்கிறது. கோடிக்கு இன்னும் மூன்று படி. கார்த்திகை முழுவதும் மீதம் இருக்கிறது.

இப்படிக்கு,
உழவர் குடும்பத்து வாசகர் ஒருவர்,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.